இரண்டு மணி மாத்திரை

என் ரிலீவருக்கு,

இன்று காலை பழைய காகிதம் ஒன்றைத் தேடி மேசை இழுப்பறையைக் கவிழ்த்தபோது உன் கண்ணாடிக் கூடு தரையில் விழுந்தது. ஓரம் பிய்ந்த கறுப்பு ரெக்சின் கூடு. மூடும்போது டப்பென்று சத்தம் போடுமே, அதுதான். உள்ளே கண்ணாடி இல்லை. அடியில் ஒட்டியிருந்த சிவப்பு வெல்வெட் துணி ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு நின்றது. அழுத்தி ஒட்டப் பார்த்தேன். கீழே ஏதோ உறுத்தியது. நகத்தால் நெம்பி எடுத்தால், ஒரு மாத்திரை. ஓரமெல்லாம் உதிர்ந்து மாவாகிக்கொண்டிருந்தது.

அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. நீ போய் ஏழு மாதம் ஆகிறது, எல்லாம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கே ஆறியது? மந்தாரக்குப்பத்தில் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கிற மாத்திரை. சீட்டை நீட்டினால் ஐந்து நிமிடத்தில் கையில் கொடுத்துவிடுவான். அது சொன்ன நேரத்துக்கு உன் வாய்க்குள் போகவில்லை. அவ்வளவுதான் விஷயம். இதற்கா ஒரு மனிதனைப் பறிகொடுப்பது?

உன்னை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதே குறைவு. வீட்டிலும் "என் ரிலீவர்" என்றுதான் சொல்வேன். என் மனைவி உன் பேரையே பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டாள். நீயும் என்னைப் பேர் சொன்னதில்லை. மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவன் என்பதால் "மதுர" என்றே பேர் வைத்துவிட்டாய். சுரங்கத்தில் நிலக்கரி ஏறிவரும் பெல்ட்டின் தலைமாட்டில், மோட்டார் ஷெட்டில் நமக்கு டூட்டி. மணிக்கொரு தடவை மோட்டார் பேரிங்குகளின் சூட்டை மீட்டரில் பார்த்து லாக் புக்கில் ரீடிங் எழுத வேண்டும். ஷிப்ட் மாறி மாறி வந்தாலும் வரிசை மாறாது, எனக்கு அடுத்து வந்து என்னை விடுவிக்கிற ரிலீவர் நீ. ரிலீவர் வந்து சார்ஜ் எடுக்காமல் யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது. அடுத்தவனின் ரிலீவர் குடித்துவிட்டோ தூங்கியோ வராமல் போய், அவன் டபுள் டூட்டி பார்த்துச் சாகிறதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தக் கஷ்டமே வந்ததில்லை. பத்தொன்பது வருஷம், இரண்டு மணி ஷிப்ட் என்றால் ஒன்றே முக்காலுக்கு உன் சைக்கிள் சத்தம் கேட்கும்.

நீ வந்ததும் புத்தகத்தைப் பார்க்க மாட்டாய். நேராகப் போய்ப் பேரிங் மூடியின் மேல் புறங்கையை வைப்பாய். ஒவ்வொரு மோட்டாராகத் தொட்டுவிட்டு வந்துதான் கையெழுத்து. எனக்கு அது கொஞ்சம் அவமானமாகக்கூட இருக்கும். நான் எழுதி வைத்திருக்கிறேனே, நம்பமாட்டானா?

அந்த ஒருநாள் உனக்கு நினைவிருக்கும். முதல் பஸ்ஸில் ஜன்னலோரம் பிடிக்க வேண்டும் என்கிற அற்ப ஆசையில், பதினொன்றரைக்கே பன்னிரண்டு, ஒன்று, இரண்டு மணி ரீடிங்கை எல்லாம் எழுதி முடித்துவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தேன். அறுபத்திரண்டு, அறுபத்து மூன்று, அறுபத்திரண்டு. பார்க்க எவ்வளவு ஒழுங்காக இருந்தது! ஒன்றே முக்காலுக்கு நீ வந்து மூன்றாவது பேரிங்கில் கை வைத்தாய். சுரீரென்று இழுத்துக்கொண்டாய். ஓடிப்போய் பெல்ட்டை நிறுத்தினாய். பத்து நிமிஷம் தாமதித்திருந்தால் தீப்பிடித்திருக்கும்.

"இன்னாடா மதுர, புக்குல அறுவத்திரெண்டுன்னு எழுதிக்கினு இருக்கற. இங்க கைய வெக்க முடியல" என்றாய்.

சூப்பர்வைசரிடம் சொல்லியிருந்தால் எனக்கு மெமோதான். நீ சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாய். "பேனாவுக்குச் சூடு தெரியாதுடா. கைய வெச்சிப் பாத்துட்டு எழுது."

அதற்குப் பிறகு நான் ஒரு பொய் ரீடிங்கும் எழுதியதில்லை. அதனாலேயோ என்னவோ, காகிதத்தில் எழுதியிருப்பதெல்லாம் உண்மை என்று நம்புகிற ஆளாகவும் ஆகிவிட்டேன்.

ரிட்டையர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு நீ மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு பிடித்தாய். உன் மனைவி போய்ச் சேர்ந்த பிறகுதான் உன் கை நடுங்க ஆரம்பித்தது. அப்புறம் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளத் தொடங்கியது. பார்க்கின்சன் என்றார் டாக்டர். காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து என்று மாத்திரைக்கு நேரம் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் நீ சிரித்தாய்.

"பாத்தியா? கம்பெனி உட்டாலும் ஷிப்டு உடல. ஆறு, ரெண்டு, பத்து. நடுவுல ரெண்டு ஓவர்டைமு."

அந்த மாத்திரையை எனக்குப் புரிய வைத்ததும் நீதான். ஒன்றின் வேலை இறங்கும்போது அடுத்தது உள்ளே போயிருக்க வேண்டும். "இதுவும் ரிலீவரு மாதிரிதான்டா. அடுத்தவன் நேரத்துக்கு வரலன்னா மிஷின் நின்னுடும்." ஒருநாள் பஸ் நிற்காமல் போய் வீட்டுக்குத் திரும்ப நேரமாகி, மாத்திரை முக்கால் மணி தாமதமானபோது நீ வாசற்படியிலேயே நின்றுவிட்டதை நானும் பார்த்தேன். காலைத் தூக்க முடியவில்லை. கண் மட்டும் அசைந்தது. மாத்திரை போட்டு அரை மணியில் எழுந்து எனக்குக் காபி கலந்து கொடுத்தாய்.

குளியலறையில் நீ விழுந்த பிறகு உன் மகள் ஓசூரிலிருந்து வந்தாள். கைக்குழந்தையோடு இருந்தவளை நான் குறை சொல்ல மாட்டேன். கூட வரச்சொல்லி எவ்வளவோ கேட்டாள், நீதான் மாட்டேன் என்றாய். கடைசியில் வடக்குத்துப் பக்கம் அந்த முதியோர் இல்லம். மாடி வீடு, பன்னிரண்டு கட்டில். "சித்தப்பா, நீங்க பக்கத்துல இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் விட்டுட்டுப் போறேன்" என்றாள். நான் பெரிய மனுஷனாகத் தலையாட்டினேன்.

அங்கே ஒரு சட்டம். எல்லார் மாத்திரையும் ஆபீஸ் அலமாரியில் பூட்டியிருக்கும். யாரும் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. முன்பு ஒரு அம்மா பக்கத்துக் கட்டில்காரரின் மாத்திரையை எடுத்து விழுங்கி ஆபத்தாகிவிட்டதாம். கேட்கிறவனுக்கு நியாயமாகத்தானே படும்? எனக்கும் பட்டது.

உனக்குப் படவில்லை. நீ அங்கே சேர்ந்த இரண்டாம் நாளே மேனேஜர் எனக்குப் போன் செய்தார். "சார், உங்க ப்ரெண்டு கண்ணாடிக் கூட்டுல மாத்திரைய ஒளிச்சு வெச்சிருக்காரு. கேட்டா குடுக்க மாட்டேங்குறாரு. வந்து கொஞ்சம் சொல்லுங்க."

வந்தேன். நீ கட்டிலில் உட்கார்ந்து கூட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாய். "மதுர, இவுங்க நேரத்துக்குக் குடுக்க மாட்டாங்கடா. எங்கிட்ட இருக்கட்டும்" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? சொல்ல நாக்கு கூசுகிறது. "ரூல்னா ரூல்தான்டா. சின்னப் புள்ள மாதிரி அடம்பிடிக்காத" என்றேன். உன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து நானே கூட்டை வாங்கினேன். மாத்திரைகளை மேனேஜரின் உள்ளங்கையில் கொட்டினேன். காலிக் கூட்டை என் பையில் போட்டுக்கொண்டேன். ஒன்று மட்டும் துணிக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது நம் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

உன்னைச் சமாதானப்படுத்த நான் ஒரு காரியம் செய்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஒரு ஷீட் தயார் செய்தேன். தேதிக்கு ஒரு வரி, ஆறு, பத்து, இரண்டு, ஆறு, பத்து என்று ஐந்து கட்டம். மாத்திரை கொடுத்ததும் டிக் போட வேண்டும். நம் லாக் ஷீட் மாதிரியே இருந்தது. எனக்கு அதில் ஒரே பெருமை. மேனேஜர் "சூப்பர் சார்" என்று சொல்லிக் கதவுக்குப் பின்னால் மாட்டிவைத்தார்.

தினமும் மாலை நாலு மணிக்கு வருவேன். முதலில் ஷீட்டைப் பார்ப்பேன். ஒரு டிக்கும் விட்டுப்போயிருக்காது. நாலு மணிக்கு மேலுள்ள இரண்டு கட்டமும் அப்போதே நிரம்பியிருந்ததா? நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். நான் அதை மேலோட்டமாகத்தான் பார்த்திருக்கிறேன். வரிசையாக டிக் இருந்தது, மனசு நிறைந்தது. அவ்வளவுதான்.

ஆனால் நீ நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே போனாய். பேச்சு உள்ளே போய்விட்டது. காது வைத்தாலும் கேட்காது. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனபோது அவர் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டார். "மாத்திரை சரியான நேரத்துக்குப் போகுதா?" நான் செல்போனில் எடுத்து வைத்திருந்த ஷீட்டின் படத்தைக் காட்டினேன். "ஒரு வேளை தவறல டாக்டர்" என்றேன். அப்படியானால் நோய்தான் முற்றுகிறது என்று அவர் முடிவுக்கு வந்தார். உன் மகளுக்கும் அதையே சொன்னேன். எத்தனை பேரை நம்ப வைத்திருக்கிறேன், பார்!

அந்த வாரம் ஒருநாள் நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ. என் கையைத் திருப்பி, புறங்கையை உன் முழங்கைக்கு மேலே வைத்து அழுத்தினாய். கட்டை மாதிரி இருந்தது சதை. என் முகத்தையே பார்த்தாய். நான் முட்டாள், நீ ஏதோ பாசத்தில் பிடித்துக்கொள்கிறாய் என்று நினைத்தேன். இன்னொரு கையால் உன்னைத் தட்டிக்கொடுத்துவிட்டு, போகும்போது மறுபடி ஷீட்டைப் பார்த்துவிட்டுப் போனேன். உன்னால் பேச முடியவில்லை, அதனால் உனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொன்னாய். பத்தொன்பது வருஷம் பார்த்த ஜாடை எனக்குப் புரியவில்லை.

ஒரு புதன்கிழமை, முந்தின நாளே உன்னிடம் சொல்லியிருந்தபடி மாலையில் ஒரு கல்யாண வரவேற்பு இருந்ததால் ஒன்றரை மணிக்கே வந்துவிட்டேன். ஷீட்டைப் பார்த்தேன். இரண்டு மணிக் கட்டத்தில் டிக். மாலை ஆறிலும் டிக். இரவு பத்திலும் டிக்! ஐந்தும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் போட்டது. அந்தச் சாய்வு எனக்குத் தெரியாதா? அது என் கை வித்தை அல்லவா? தலையில் அடித்துக்கொண்டேன். அப்புறம் கத்தினேன். மாடியில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

செல்வி ஓடிவந்தாள். அவள்தான் அங்கே சமையல், துணி, துடைப்பம், மாத்திரை எல்லாம். கம்மாபுரத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவள்.

"ஐயா, கத்தாதீங்க. சாவி மேனேஜருகிட்ட இருக்குதுங்க. அவரு வந்தாத்தான் அலமாரியே தொறக்கும். ஒருநாளு பத்துக்கு வருவாரு, ஒருநாளு பன்னெண்டு ஆவும். வந்ததும் ரெண்டு எடுத்துக் குடுப்பாரு. சாயந்திரம் வூட்டுக்குப் போறப்ப மிச்சத்தைக் குடுத்துட்டுப் போவாரு. மாத்திரை உள்ள போனதும் பெரியவரு உடம்பை முறுக்கிக்கினு ஆடுறாரு, அப்புறம் மரமா கெடக்குறாரு. நான் இன்னாங்க பண்ணுவேன்? டிக்கு போடலன்னா என்னத்தான் திட்டுவாரு."

மேனேஜரைக் கேட்டேன். அவர் கோபப்படக்கூட இல்லை. "சார், பன்னெண்டு பேரு இருக்காங்க. ஆளுக்கு ஒரு டைம்னா நான் எப்படி நடத்துறது? ஒருநாள்ல குடுக்க வேண்டியத குடுத்துடறோம்ல. முன்ன பின்ன ஆனா என்ன சார், உயிரா போயிடும்?"

ஆமாம், அப்படித்தான் கேட்டார்.

சாவியைச் செல்வியிடம் கொடுங்கள் என்றேன். முடியாதாம், பொறுப்பு அவருடையதாம். அப்படியானால் மாத்திரை உன்னிடமே இருக்கட்டும் என்றேன். அதற்கு மகள் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அவள் அன்றைக்கே வாட்ஸப்பில் அனுப்பினாள். அது செல்லாதாம், கையெழுத்துப் போட்ட ஒரிஜினல் வேண்டுமாம். டாக்டர் சீட்டில் 'மணி தவறக் கூடாது' என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தார். அதையும் பைலில் பத்திரமாக வைத்து அதே அலமாரியில் பூட்டினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஒரு அலமாரிக்கு இரண்டாவது சாவி செய்ய இந்த ஊரில் ஆளா இல்லை?

ஓசூரிலிருந்து அவள் கையெழுத்துப் போட்ட கடிதம் வந்து சேர்வதற்குள் ரூலையே மதித்து வாழ்ந்த நான் திருடனானேன். டாக்டரிடம் சொல்லிவிட்டு, அவர் சீட்டிலேயே மாத்திரை வாங்கினேன். உன் கூட்டில் போட்டேன். காலை பத்து மணிக்கு, மதியம் இரண்டு மணிக்கு, மாலை ஆறு மணிக்கு ஸ்கூட்டரில் வந்து நின்றேன். செல்வி தண்ணீர் டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, "நான் எதையும் பாக்கலங்க" என்று அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். மேனேஜர் கொடுக்கிற மாத்திரை இரட்டிப்பாகிவிடாமல் அதைத் தனியே எடுத்து வைத்ததும் அவள்தான்.

முதல் நாள், இரண்டு மணி மாத்திரை போட்டு அரை மணி கழிந்தது. உன் விரல் ஒன்று அசைந்தது. அப்புறம் தோள் இறங்கியது. நீ உதட்டை நனைத்துக்கொண்டு, எத்தனையோ நாளுக்குப் பிறகு என் காதுக்குக் கேட்கிற மாதிரி பேசினாய்.

"ரிலீவரு வந்துட்டான்டா" என்றாய்.

மன்னித்துவிடு என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் நீ, "கல்யாணத்துல சாப்பாடு எப்படி?" என்று கேட்டாய். போகவே இல்லை என்றேன். "அடப்பாவி, போயி சாப்ட்டுட்டு வந்திருக்கலாமில்ல" என்று திட்டினாய். அன்றைக்குச் சாயந்திரம் வரை பேசிக்கொண்டிருந்தோம். நோய் முற்றிய மனுஷன் இப்படிப் பேசுவானா? ஷீட்டை நம்பிய அத்தனை நாளும் இந்தப் பேச்சு உனக்குள்ளே இருந்திருக்கிறது, நான்தான் பூட்டி வைத்திருக்கிறேன்.

ஆனால் காலை ஆறு மணிக்குக் கேட் திறக்காது. இரவு பத்துக்கும் திறக்காது. எட்டாம் நாள் காலை, முந்தின நாள் மாலைக்குப் பிறகு மாத்திரை எதுவும் இல்லாமல் இறுகிக் கிடந்த உனக்கு, எட்டு மணிக்கு இட்லி ஊட்டியிருக்கிறார்கள். தொண்டையும் இறுகியிருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? புரையேறி நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் அவர்களால் முடிந்ததை எல்லாம் செய்தார்கள். நாலாம் நாள் நீ போனாய்.

மூன்றாம் நாள், ஐ.சி.யூ. வாசலில் நான் உட்கார்ந்திருந்தபோது மேனேஜர் போன் செய்தார். "சார், அவங்க பொண்ணு லெட்டர் கூரியர்ல வந்துடுச்சு. இனிமே பிரச்சன இல்ல சார், அவரே மாத்திரைய வெச்சுக்கலாம்" என்றார். நல்ல சேதி சொல்கிற குரலில்தான் சொன்னார்.

நான் அவரை மட்டும் திட்டிக்கொண்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் அலமாரியைப் பூட்டினார். உன் கையிலிருந்து பிடுங்கியது யார்? அவர் பொய் டிக் போட வைத்தார். அதைப் படம் பிடித்து டாக்டரிடம் காட்டியது யார்? உன்னிடம் மட்டும் இதை ஒளிக்க முடியாது.

விடவில்லை நான். உன் காரியம் முடிந்த மறுவாரமே போய் உட்கார்ந்தேன். உன் மகளும் ஓசூரிலிருந்து கடுமையாகக் கடிதம் எழுதினாள். மற்ற கட்டில்காரர்களின் பிள்ளைகளுக்கெல்லாம் போன் போட்டேன். மூன்று மாதம் நச்சரித்து இப்போது செல்வியின் இடுப்பில் ஒரு சாவி தொங்குகிறது. இரவுக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள். என் ஷீட்டை நானே கிழித்துப் போட்டேன். ஒரு சின்னச் சாவி. அதை நீ இருக்கும்போதே செய்திருக்கக் கூடாதா? இந்தக் கோபம் தணிந்துவிட்டது என்று உனக்குப் பொய் எழுத மாட்டேன்.

உன் கட்டிலில் இப்போது ஒரு ரிட்டையர்டு தபால்காரர் இருக்கிறார். அவருக்கும் உன் நோய்தான். நான் தினமும் போகிறேன். புறங்கையை அவர் முழங்கைக்கு மேலே வைத்துப் பார்க்கிறேன். முதல் நாள் அவர் மிரண்டுபோய், "என்ன சார் பண்றீங்க?" என்று கேட்டார். "சார்ஜ் எடுக்கறேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை, சிரித்துவைத்தார். சதை இளகியிருந்தால் உட்கார்ந்து பேசுவேன். இறுகியிருந்தால் செல்வியைக் கூப்பிடுவேன். அதற்குப் பிறகுதான் வேறு எதுவும்.

உன் மகளிடமிருந்து உன்னை நான் சார்ஜ் எடுத்தபோது இதைச் செய்யவில்லை.

இந்த மாத்திரையைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. துணிக்கு அடியிலேயே திரும்ப வைத்துவிட்டேன், கூடு என் சட்டைப் பையில் இருக்கிறது. மணி ஒன்றரை ஆகிறது. தபால்காரரின் இரண்டு மணி மாத்திரைக்குக் கால் மணி முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். பேனாவை மூடுகிறேன்.

மதுர